கல்கத்தாத் தேர்வுகளில் ஆங்கிலக் கேட்டலும் படித்தலும்: காளிகாட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், ஆதிகங்கை எனப்படும் பழைய நீரோட்டத்தின் கரையில் அமைந்தது காளிகாட். இன்றுள்ள காளி கோயில் 1809-இல் கட்டி முடிக்கப்பட்டது. கோயிலைச் சூழக் கடை விரித்த பட ஓவியர்கள் 19ஆம் நூற்றாண்டில் தீட்டிய காளிகாட் படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. கடவுளர் உருவங்களோடு, ஆங்கிலக் கல்வியால் உருவான 'பாபு'வையும் அவ்வோவியர் எள்ளலோடு வரைந்தனர். மடிப்புக் கலையாத வேட்டி, ஐரோப்பியக் காலணி, வாரிவிட்ட தலைமுடி ஆகியவை பாபுவின் அடையாளங்கள். ஆங்கிலம் கற்றவன் யார் என்பதை ஓவியர் புறத்தோற்றத்தால் காட்டினர். அவன் எவ்வளவு கற்றான் என்பதை அளந்து கூறும் பொறுப்போ 1857 முதல் ஒரு தேர்வின் கைக்குச் சென்றது.

அத்தேர்வு உயர்நிலைப் பள்ளி மாணவரின் ஆங்கிலத்தில் எதனை அளந்தது, எதனை அளவாது விட்டது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். படித்தல் திறன் ஏதேனும் ஒரு வகையில் எக்காலத்தும் அளக்கப்பட்டது. கேட்டல் திறன் பொதுத்தேர்வின் எல்லைக்குள் வரவே இல்லை. ஆயினும் கல்லூரியில் நுழையும் மாணவனுக்கு முதல் நாளிலேயே தேவைப்பட்டது ஆங்கில விரிவுரையைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆற்றல்தான். இம்முரண் எவ்வாறு தோன்றியது, ஏன் நிலைபெற்றது என்பன ஈண்டு நோக்கத்தக்கன. காளிகாட்டையும் அதனை அடுத்துள்ள பவானிபூரையும் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. வங்கத்தின் தேர்வு முறையை வேறெவரினும் மிகுதியாக மாற்றியமைத்த அசுதோஷ் முகர்ஜி இப்பகுதியில் வாழ்ந்தவர். இங்குள்ள பள்ளியில் பயின்றவர்.

கேள்வி என்னும் கல்வி

தமிழ் மரபில் கற்றலுக்குரிய வினை 'கேட்டல்' ஆகும். ஆசிரியரிடம் பாடம் 'கேட்டான்' என்பதே வழக்கு. நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் கேட்டலின் வரலாற்றைத் தனித்து வகுத்துரைக்கிறது. திருக்குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்துக் கேள்வி ஓர் அதிகாரமாக அமைந்துள்ளது. உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட வரலாறு நாம் அறிந்ததே. ஒருமுறை கேட்டதை அவ்வாறே ஒப்பிப்பவரை ஏகசந்தக்கிராகி என்றனர். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானம் ஒருவகையில் அவையறியச் செய்த கேட்டல் தேர்வே எனலாம். வடமொழி மரபிலும் வேதத்திற்குச் 'சுருதி' என்று பெயர். வங்காளப் பள்ளிகளில், நாம் 'சொல்வதெழுதுதல்' என்று கூறுவதைச் 'சுருதிலிகன்' என்பர்.

இத்தகைய செவிவழி மரபுடைய நாட்டில் எழுந்த பல்கலைக்கழகத் தேர்வு செவியை முற்றிலும் விலக்கியது வியப்புக்குரியது. ஆனால் அதன் காரணம் மரபைப் புறக்கணிக்கும் எண்ணத்தில் இல்லை. நிருவாக அமைப்பில்தான் உள்ளது.

உறையிலிட்டு அனுப்பிய தேர்வு

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையை அடியொற்றிக் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857-இல் நிறுவப்பட்டன. இவை இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. பாடம் நடத்தாமல் தேர்வு மட்டும் நடத்தியவை. கல்கத்தாவின் முதல் எண்ட்ரன்ஸ் தேர்வை எழுதியோர் 244 பேர். தொடக்கத்தில் இதன் ஆட்சி எல்லை மிக விரிந்தது. 1882-இல் பஞ்சாபுப் பல்கலைக்கழகமும் 1887-இல் அலகாபாத்துப் பல்கலைக்கழகமும் தோன்றும்வரை வட இந்தியாவின் பெரும்பகுதியும், 1920-இல் இரங்கூன் பல்கலைக்கழகம் தோன்றும்வரை பர்மாவும் கல்கத்தாவையே சார்ந்திருந்தன.

தமிழறிஞர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணக் கல்லூரியும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றிருந்தது. வங்க மாணவன் விடையெழுதிய அதே ஆங்கில வினாத்தாளுக்கு வட்டுக்கோட்டைத் தமிழ் மாணவனும் விடையெழுதினான். 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் நில எல்லைகளை வரையறுத்த பின்னர் இத்தொடர்பு அற்றுப்போயிற்று.

இவ்வளவு பரந்த பரப்பிற்கு ஒரே நாளில் ஒரே தேர்வு நடத்த வேண்டுமாயின் அது தாளில் அச்சிட்டதாகத்தான் இருக்க முடியும். வினாத்தாளை உறையிலிட்டு முத்திரையிட்டு அனுப்பலாம். குரலை அனுப்ப இயலாது. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் கேட்டல் தேர்வு நடத்துவதாயின் ஒவ்வொரு நடுவத்திலும் ஒருவர் பத்தியைப் படித்துக்காட்ட வேண்டும். படிப்பவர் ஆங்கிலேயரா வங்காளியா தமிழரா என்பதைப் பொறுத்துத் தேர்வின் கடுமை மாறும். எல்லார்க்கும் ஒரே அளவுகோல் என்னும் கொள்கைக்கு அது பொருந்தாது. ஆகவே கேட்டல் விலக்கப்பட்டது ஒரு கல்விக் கொள்கையின் விளைவு என்பதைவிட, அஞ்சல்வழித் தேர்வின் விளைவு என்பதே பொருந்தும்.

தாளில் அச்சிட்ட தேர்வு எதனைக் காணாது விடும் என்பதற்கு ஒலியியலே சான்று தரும். வங்காளியின் பேச்சில் சகர ஒலிகள் பெரும்பாலும் 'ஷ' என்றே ஒலிக்கும். எனவே 'சேம்', 'ஷேம்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களும் பயிற்சியற்ற செவிக்கு ஒன்றாகவே படும். வகர ஒலி பகரச் சாயல் பெற்று, 'வோட்' என்பது 'போட்' என்பதற்கு அண்மையில் ஒலிக்கும். தமிழ் மாணவனுக்கு வல்லெழுத்தின் ஒலிப்புடை, ஒலிப்பிலா வேறுபாடு இடர் தரும். பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பெரியது என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் 'பிக்' என ஒரே வடிவம் பெறும். தாளில் இவை வெவ்வேறு எழுத்துக்கள். கண் எளிதில் பிரித்துணரும். மாணவனும் முழு மதிப்பெண் பெறுவான். விரிவுரை மண்டபத்தில்தான் அவன் இடர்ப்படுவான்.

1879ஆம் ஆண்டு இத்தேர்வில் தேறிய இருவரை ஒப்புநோக்குவது பயன் தரும். பவானிபூர்த் தென்புறநகர்ப் பள்ளி மாணவரான அசுதோஷ் முகர்ஜி இரண்டாம் இடம் பெற்றார். அதே ஆண்டு தேறிய நரேந்திரநாத தத்தர், பின்னாளில் விவேகானந்தர் எனப் பெயர் பெற்றவர், ஆங்கிலத்தில் பெற்றது நூற்றுக்கு 47 எனப் பல்கலைக்கழகப் பதிவேடுகளை ஆராய்ந்தோர் குறிப்பிடுவர். 1893-இல் சிகாகோ சமயப் பேரவையில் அவர்தம் ஆங்கிலம் அமெரிக்கரைக் கவர்ந்த செய்தியை விரிக்க வேண்டுவதில்லை. நாவின் ஆற்றலும் செவியின் ஆற்றலும் அம்மதிப்பெண்ணில் அடங்கவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

பாடநூலை நீக்கிய விதி

எண்ட்ரன்ஸ் தேர்வின் பெருங்குறை மனப்பாடம். ஆங்கிலத்திற்குக் குறிப்பிட்ட பாடநூல் வகுக்கப்பட்டபோது, நூலைப் படிப்பதைவிட அதற்கெழுந்த குறிப்புரைகளை நெட்டுருச் செய்வதே மாணவர் வழக்கமாயிற்று. கோனார் உரையை அறிந்த தமிழ் வாசகர்க்கு இது புதிதன்று.

அசுதோஷ் முகர்ஜி 1906 முதல் 1914 வரை துணைவேந்தராக இருந்தார். மீண்டும் 1921 முதல் 1923 வரை அப்பொறுப்பேற்றார். அவர் முன்னின்று வகுத்த 1906ஆம் ஆண்டு விதிகளால் எண்ட்ரன்ஸ், மெட்ரிகுலேஷன் எனப் பெயர் மாறியது. தாய்மொழிக் கட்டுரைக்கு இடம் கிடைத்தது. ஆங்கிலத்திற்குக் கட்டாயப் பாடநூல் நீக்கப்பட்டு, தரத்தை உணர்த்தும் பொருட்டுச் சில நூல்கள் பரிந்துரைக்கப்பட்டன. முன்பின் கண்டிராத பகுதியைப் படித்துணரும் ஆற்றலையும் வங்காளத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்க்கும் ஆற்றலையும் அளப்பதே இதன் நோக்கம். படித்தல் திறனை உண்மையாக அளக்க எடுக்கப்பட்ட முதல் பெருமுயற்சி இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மதிப்பெண்ணை எளிதாக்கித் தேர்ச்சியைப் பெருக்கினார் என்று அசுதோஷைக் குறைகூறியோர் பலர். அக்குறையை மட்டும் பேசுவோர் இவ்விதியின் அருமையை மறந்துவிடுகின்றனர்.

அதே காலத்தில் சாந்திநிகேதனில் தாகூர் வேறொரு வழியில் சென்றார். 1909-இல் அவர் வெளியிட்ட ஆங்கிலத் தொடக்கநூலின் பெயர் 'இங்ராஜி சுருதிசிக்ஷா'. ஆங்கிலத்தைச் செவிவழிக் கற்றல் என்பது அதன் பொருள். பெயரே நோக்கத்தை அறிவிக்கிறது. ஆசிரியர் ஆங்கிலத்தில் ஏவ, மாணவர் அதனைக் கேட்டுச் செய்துகாட்டும் பயிற்சிக்குத் தாகூர் தம் தொடக்கநூல்களில் இடம் தந்தார். செயல்வழி மொழி கற்பித்தலை மேலைநாட்டார் பெருமுறையாக வளர்த்தது அதன் பின்னரே. ஆயினும் சாந்திநிகேதன் சிறுவனும் இறுதியில் கல்கத்தாவின் மெட்ரிகுலேஷன் தாளுக்கே விடையெழுத வேண்டியிருந்தது. அத்தாளில் அவன் செவிக்கு மதிப்பெண் இல்லை. அசுதோஷின் விதியும் தாகூரின் நூலும் மூன்றாண்டு இடைவெளியில் தோன்றியவை. இவை இரண்டும் ஒரே தேர்வில் சந்திக்காமற் போனது வங்கக் கல்வி வரலாற்றின் ஓர் இழப்பு.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததும் ஒப்பிடத்தக்கது. 1913-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அயல்மொழியினர்க்கு ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வு ஒன்றைத் தொடங்கியது. அதில் சொல்வதெழுதுதலும் உரையாடலும் இடம்பெற்றன. முதலாண்டு எழுதியோர் மூவர், மூவரும் தேறவில்லை. மூவர்க்கு வாய்மொழித் தேர்வு வைக்கலாம். ஆயிரக்கணக்கானோரைத் தேர்வு செய்த கல்கத்தாவின் நிலை வேறு.

சாட்லர் குழு கண்டதும் ஆர்டாக் கண்டதும்

1917 செப்டம்பரில் கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணைக்குழு அமைக்கப்பட்டது. லீட்சுப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மைக்கேல் சாட்லர் தலைவர். அசுதோஷ் முகர்ஜி, சியாவுதீன் அகமது, பிலிப் ஆர்டாக், இராம்சே மூர் முதலியோர் உறுப்பினர். 1919-இல் 13 தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. வங்கத்தில் பட்டத்திற்குப் பயில்வோர் தொகை ஏறத்தாழ 26,000 எனவும், அது பிரித்தானியத் தொகைக்கு நிகரானது எனவும் அவ்வறிக்கை சுட்டியது. மெட்ரிகுலேஷன் தேறிக் கல்லூரி புகும் மாணவரில் பலர் ஆங்கில விரிவுரையைக் கேட்டுப் பின்தொடர இயலாது தவிக்கின்றனர் என்னும் குறை ஆணைக்குழுவின் முன் வலுவாக எழுந்தது. ஆணைக்குழு கண்ட தீர்வு அமைப்பு சார்ந்தது. பல்கலைக்கழகத்தின் வாயில் இடைநிலைத் தேர்வாக இருக்க வேண்டும். பள்ளிக்கல்வி தனி வாரியத்திடம் செல்ல வேண்டும். ஆங்கிலம், கணிதம் நீங்கலான பாடங்களை உயர்நிலைப் பள்ளியில் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. செவியின் குறையை இரண்டாண்டு கூடுதல் படிப்பால் நிரப்பலாம் என்பது இதன் உட்பொருள்.

இக்குழுவில் இருந்த ஆர்டாக் பின்னர் டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். தேர்வுகளின் நம்பகத்தன்மை பற்றிய ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. 1935-இல் அவரும் ரோட்சும் வெளியிட்ட ஆய்வு அவ்வையத்தை எண்களால் நிறுவியது. 15 வரலாற்று விடைத்தாள்களை 14 தேர்வாளர் திருத்தினர். ஓராண்டிற்கும் மேலான இடைவெளிக்குப்பின் அவர்களே அவற்றை மீண்டும் திருத்தினர். 210 முடிவுகளில் 92 மாறியிருந்தன. எழுத்துத் தேர்வு குரல்வழித் தேர்வைவிட நடுநிலையானது என்னும் நம்பிக்கையில்தான் கேட்டல் விலக்கப்பட்டிருந்தது. அந்நடுநிலையே இவ்வளவு தளர்வானது என்றால், விலக்கியதற்குரிய காரணமும் பாதி வலுவிழக்கிறது.

வெசுட்டின் வாதம்

டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெசுட் 1926-இல் வங்கத்தின் இருமொழியம் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். பெரும்பாலான மாணவர் பள்ளியை இடையிலேயே விட்டுவிடுகின்றனர்; அவ்வாறு விட்டுச் செல்பவனிடம் எஞ்சி நிற்கும் பயன் என்ன என்பது அவர் எழுப்பிய வினா. காப்பீட்டுத் துறையின் 'ஒப்படைப்பு மதிப்பு' என்னும் கலைச்சொல்லை அவர் கல்விக்குக் கொண்டுவந்தார். பேசவும் எழுதவும் அரைகுறையாகக் கற்றவனிடம் எதுவும் எஞ்சாது. படிக்கக் கற்றவனிடம் நூல்களின் கதவு திறந்திருக்கும் என்று வாதிட்டார். சொல்லெண்ணிக்கையை வரையறுத்து அவர் எழுதிய புதுமுறை வாசகங்கள் உலகின் பல நாடுகளில் பரவின.

இவ்வாதத்தின் மனிதநேயம் மறுக்கத்தக்கதன்று. மேல்தட்டு மாணவனுக்காக அன்றி, இடைநின்ற ஏழை மாணவனுக்காக எழுந்த வாதம் இது. எனினும் அதன் பக்கவிளைவையும் கூற வேண்டும். நிருவாக வசதிக்காக 1857-இல் கேட்டலை விலக்கிய தேர்வுமுறைக்கு இவ்வாதம் ஒரு கோட்பாட்டுத் துணையாக அமைந்துவிட்டது. வானொலியும் பேசும் படமும் வந்த பின்னர், படிப்பதே போதும் என்னும் கணக்கு மாறியது. தேர்வு மாறவில்லை.

1983-உம் பெங்களூர்த் திட்டமும்

1940 முதல் மெட்ரிகுலேஷன் தாய்மொழி வாயிலாக நடைபெற்றது. சாட்லர் குழு விரும்பிய தனி வாரியம் விடுதலைக்குப் பின் 1951-இல்தான் மேற்கு வங்கத்தில் செயற்பட்டது. 1976-இல் மத்யமிக் தேர்வு தொடங்கியது. இம்மாற்றங்களில் ஆங்கில வினாத்தாளின் அடிப்படை இயல்பு மாறவில்லை.

பெரும்புயல் 1983-இல் எழுந்தது. இமாங்சு பிமல் மஜும்தார் ஆணைக்குழுவின் கருத்தை அடியொற்றி இடதுசாரி அரசு தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தை நீக்கியது. ஆறாம் வகுப்பு முதலே ஆங்கிலம் என்றாயிற்று. உடன் கருத்துப்புலப்பாட்டு முறையில் அமைந்த புதிய பாடநூல்களும் வந்தன. உரையாடல், அறிவிப்பு, வழிகேட்டல் முதலியன பாடமாயின. தேர்வோ கேட்டலையும் பேசுதலையும் தொடவில்லை. உரையாடலை எழுதிக்காட்டிய மாணவன் உரையாடத் தெரிந்தவனாகக் கொள்ளப்பட்டான். பிறகு நடந்ததைச் சுருங்கக் கூறலாம். 1992-இல் அசோக் மித்ரா குழு ஐந்தாம் வகுப்பு என்றது. 1998-இல் அமைந்த பவித்ர சர்க்கார் குழுவின் கருத்துப்படி ஆங்கிலம் மேலும் கீழிறங்கியது. 2004-இல் முதல் வகுப்பிற்கே திரும்பியது. இருபதாண்டுச் சொற்போரும் எந்த வகுப்பில் தொடங்குவது என்பதைச் சுற்றியே சுழன்றது. பத்தாம் வகுப்பின் இறுதியில் எதனை அளப்பது என்பது அதில் முதன்மை பெறவில்லை.

இதே ஆண்டுகளில் தென்னாட்டில் நிகழ்ந்த ஒரு சிறு முயற்சி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சென்னை பிரித்தானியக் கழகத்தில் பணியாற்றிய என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டம் பெங்களூர்த் திட்டம் எனப் பெயர்பெற்றது. சென்னை, கடலூர்ப் பள்ளிகளும் அதில் பங்கேற்றன. இலக்கண வரிசை எதுவும் வகுக்காமல், இரயில் நேர அட்டவணை, நிலப்படம் போன்றவற்றைக் கொண்டு ஆசிரியர் ஆங்கிலத்தில் வினவ, மாணவர் கேட்டுச் சிந்தித்து விடை காண்பது அதன் முறை. 1984-இல் எடின்பரோவைச் சார்ந்த பெரெட்டா, டேவிசு ஆகியோர் இதனை மதிப்பிட்டனர். அமைப்புமுறை வகுப்பினர்க்கும் திட்ட வகுப்பினர்க்கும் ஒரே தேர்வுத் தொகுதி தரப்பட்டது. அதில் அமைப்பு இலக்கணம், சூழலமைந்த இலக்கணம், சொல்வதெழுதுதல், கேட்டலும் படித்தலும் இணைந்த புரிதல், செயற்பணி ஆகியன இடம்பெற்றன. அமைப்பு இலக்கணத்தில் மரபுவழி வகுப்பினரும் செயற்பணியில் திட்ட வகுப்பினரும் தத்தமக்குரிய மேன்மையைக் காட்டினர். எம்முறைக்கும் சாராத பொதுத் தேர்வுகளில் முடிவு பெரும்பாலும் திட்டத்திற்குச் சாதகமாக இருந்தது. வகுப்புகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாதவை என்னும் குறையை மதிப்பீட்டாளரே ஒப்பினர்.

இம்மதிப்பீட்டில் நாம் கொள்ள வேண்டியது முடிவை அன்று; முறையை. எளிய அரசுப் பள்ளியில், ஒலிநாடா வசதிகள் எவையும் இன்றி, ஆசிரியர் குரலைக் கொண்டே கேட்டலை அளக்க இயலும் என்பது அதனால் விளங்கியது. பழமையானது என்று ஒதுக்கப்பட்ட சொல்வதெழுதுதல் இதில் மீண்டும் மதிப்புப் பெற்றமையும் கருதத்தக்கது. செவியில் விழுந்த தொடரை எழுதுபவன் ஒலியை மட்டும் பதிவு செய்வதில்லை. இலக்கணத்தையும் பொருளையும் துணைக்கொண்டே எழுதுகிறான் என்று ஆலர் 1970-களில் விளக்கியிருந்தார். வங்கம் ஒரு மாநிலம் முழுவதற்கும் பாடநூலை மாற்றிய காலத்தில், இத்தகைய சிறு அளவீடு ஒன்று உடன் நிகழ்ந்திருப்பின் பின்வந்த சொற்போரின் தன்மையே மாறியிருக்கும்.

ஒரே தெருவில் இரு செவிகள்

இன்றைய காளிகாட்டில் வங்கவழிப் பள்ளிகளும் ஆங்கிலவழிப் பள்ளிகளும் அருகருகே உள்ளன. அண்மையிலுள்ள லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இவ்விரு வகைப் பள்ளிகளுக்கும் செல்வர். 1958-இல் தோன்றிய ஐ.சி.எஸ்.இ. அவையத்தின் ஆங்கிலத் தேர்வில் அகமதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண் உண்டு; அதில் கேட்டலும் பேசுதலும் அடங்கும். ஏறத்தாழ 300 சொற்கள் கொண்ட பத்தியைத் தேர்வாளர் இருமுறை படித்துக்காட்டுவார். முதன்முறை நிமிடத்திற்கு 110 சொற்கள் என்னும் இயல்பான வேகம். மறுமுறை சற்று மெதுவாக. மாணவர் குறிப்பெடுத்துக்கொண்டு விடையளிப்பர். மத்தியக் கல்வி வாரியமும் 2012-13-இல் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கேட்டல், பேசுதல் மதிப்பீட்டைக் கொணர்ந்தது. இப்பள்ளிகள் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகள். செவி பழகிய மாணவர் கல்லூரி விரிவுரைக்கும் நேர்காணலுக்கும் ஆயத்தமாகச் செல்கின்றனர்.

அடுத்த வீட்டு மத்யமிக் மாணவரின் ஆங்கிலத் தாளுக்கு 90 மதிப்பெண். பாடநூற் பகுதியைப் படித்துணர்தலுக்கு 20, பாடநூலில் இல்லாத பகுதிக்கு 20, இலக்கணமும் சொல்லறிவும் 20, எழுதுதல் 30. படித்தலுக்குரிய 40-இல் பாதி, முன்பே பயின்ற பத்தியிலிருந்து வருகிறது. அசுதோஷ் 1906-இல் வாயில்வழி வெளியேற்றிய பாடநூல் பலகணி வழியே உள்ளே வந்துவிட்டது எனலாம். கேட்டலுக்கு மதிப்பெண் இல்லை. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளும் இவ்வகையில் வங்கத்திற்கு அண்ணன் தம்பி முறைதான். கட்டணம் கட்டி அயல்நாட்டுப் படிப்பிற்கான ஆங்கிலத் தேர்வெழுதும்போதுதான் இவ்விளைஞருள் பலர் தம் செவிக்கு மதிப்பெண் இடப்படுவதை முதன்முறை காண்கின்றனர்.

பல இலட்சம் மாணவர்க்கு ஒரே குரலை ஒரே நாளில் கேட்பிப்பது கடினம் என்னும் பழைய மறுப்பு இன்றும் ஓரளவு செல்லும். ஒலிபெருக்கி பழுதுற்றால் தேர்வு பழுதுறும். டிராம் ஓசை நுழையும் வகுப்பறையும் குளிரூட்டிய அறையும் ஒன்றல்ல. ஆனால் மத்யமிக் ஆங்கிலத்தின் 90 போக எஞ்சிய 10 மதிப்பெண் பள்ளியின் அகமதிப்பீட்டிற்கு உரியது. ஆசிரியர் தம் குரலில் ஒரு பத்தியைப் படித்துக்காட்டி மாணவரின் செவியை அளக்க விரும்பினால் அதற்கு இடந்தரும் பகுதி அது ஒன்றே. அதற்கு ஒலிபெருக்கியும் வேண்டுவதில்லை, முத்திரையிட்ட உறையும் வேண்டுவதில்லை.